ரைசன் 2600, ஜிடிஎக்ஸ் 1650: பார்ட்ஸ் மாற்றினால் போதுமா, மொத்தமாகப் புதுசு வாங்க வேண்டுமா?

பெரம்பூர்_ப்ளேயர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2019 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. டிடிஆர்4 ரேம் 8 ஜிபி இரண்டு. ஒன்று அப்போதே போட்டது, இன்னொன்று பிறகு வேறு கம்பெனியில் வாங்கியது, இரண்டிலும் 3200 என்று ஸ்டிக்கர் இருக்கிறது. விண்டோஸ் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில், கேம் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்கில். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, 450 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. மானிட்டர் மட்டும் புதுசு, 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸ். விண்டோஸ் இன்னும் 10தான்.

நான் விளையாடுவது சைபர்பங்க் 2077, எல்டன் ரிங். தங்கச்சி வலரண்ட் மட்டும்தான். சைபர்பங்கில் எல்லா செட்டிங்கையும் லோவில் வைத்தாலும் நொடிக்கு 35, 40 ஃப்ரேமைத் தாண்டுவதில்லை, காரில் வேகமாகப் போனால் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுத்தான் அடுத்த தெரு வருகிறது. வலரண்டில் சும்மா நடக்கும்போது 150 காட்டுகிறது, நாலைந்து பேர் ஒரே இடத்தில் மோதும்போது 80-க்கு விழுகிறது, அவள் அந்த நேரத்தில்தான் செத்துப்போகிறாள். இண்டியானா ஜோன்ஸ் கேமை ஆசையாக டவுன்லோடு செய்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். "ஏஎம்4 முடிஞ்சு போச்சு, இதுல இனிமே காசு போட்டா வேஸ்ட்" என்று சொல்லி (ஏஎம்4 என்பது என் மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட், ஏஎம்5 அதற்கு அடுத்தது) ஏஎம்5 முழு செட்டுக்கு 1,35,000 கொட்டேஷன் கொடுத்தார்கள், பழசை 9 ஆயிரத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். என்னால் 55 ஆயிரம் முடியும், இழுத்துப் பிடித்தால் 60. இதே கம்ப்யூட்டரில்தான் தங்கச்சியின் காலேஜ் வேலையும் நடக்கிறது, அதனால் பிஎஸ்5 வாங்கினால் இதை அப்படியே விட்டுவிட முடியாது. மேல்மாடி அறை, ஏசி கிடையாது.

பார்ட்ஸ் மாற்றி இன்னும் நாலு வருடம் ஓட்ட முடியுமா, அல்லது கடையில் சொன்னதுதான் சரியா?

தாம்பரம்_78:

தம்பி, 9 ஆயிரத்துக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ரேமையும் தனியாக விற்றாலே அதில் நல்ல பங்கு வந்துவிடும், இன்றைக்கு ரேம் விலை அப்படி.

காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எங்கே அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற சாஃப்ட்வேர் போட்டு, கேம் ஓடும்போதே திரையில் கார்டின் உபயோகம், கார்டு மெமரி, ப்ராசஸர் ஒவ்வொரு கோரின் உபயோகம், இரண்டின் வெப்பம் எல்லாம் தெரிகிற மாதிரி வையுங்கள். கார்டு 97, 98 சதவீதத்திலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது. கார்டு 60-ல் சும்மா இருந்தும் ஃப்ரேம் விழுந்தால் ப்ராசஸரோ ரேமோதான் காரணம். இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனை 720பிக்குக் குறைத்துப் பாருங்கள், ஃப்ரேம் ஏறாமல் அதே எண்ணில் நின்றால் கார்டு மாற்றி அந்த கேமில் ஒன்றும் ஆகப்போவதில்லை. இதைச் செய்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்பீடு எவ்வளவு காட்டுகிறது என்றும் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ப்ளேயர்:

அண்ணா, செய்து பார்த்துவிட்டேன்.

சைபர்பங்கில் கார்டு 99 சதவீதம், மெமரி 3.8 ஜிபியில் போய் முட்டி நிற்கிறது. வலரண்டில் கார்டு 50, 60-ஐத் தாண்டவில்லை, 720பியில் வைத்தாலும் சண்டையில் அதே 80தான். ப்ராசஸர் 84 டிகிரி வரை போகிறது. ரேம் ஸ்பீடு 2133 என்று காட்டுகிறது, இது எனக்குப் புரியவில்லை, ஸ்டிக்கரில் 3200 என்றுதானே இருக்கிறது?

சிந்தாதிரிப்பேட்டை_வயர்:

இந்த எண்களைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, நாலு தனித்தனிப் பிரச்சினைகள். அதில் இரண்டுக்குக் காசே தேவையில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ரேம். டிடிஆர்4 ரேம் எதைப் போட்டாலும் மதர்போர்டு பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் அதை எழுப்பும், ஸ்டிக்கரில் உள்ள வேகம் வேண்டும் என்றால் பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போய் எக்ஸ்எம்பி என்கிற வேக ப்ரொஃபைலை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அசெம்பிள் செய்கிற கடைகளில் பலர் இதைத் தொடுவதே இல்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை, வருடக்கணக்கில் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் இது மற்ற ப்ராசஸரை விட அதிகமாகக் கடிக்கும். 2600-க்குள் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன, ஒரு கூட்டம் இன்னொன்றோடு பேசுகிற பாதை ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் மெதுவாக ஓடினால் ப்ராசஸரின் உள்ளே நடக்கிற பேச்சும் மெதுவாகிவிடும். 2600-க்கு ஏஎம்டி சொல்கிற அதிகபட்ச வேகம் 2933. உங்களுடையது இரண்டு கம்பெனி கலந்த ரேம் என்பதால் 3200-ல் நிற்காமல் போகலாம், 2933 வைத்துப் பாருங்கள், ஆன் ஆகாவிட்டால் 2800. ரேம் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அப்போதுதான் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும்.

அடுத்தது வெப்பம். 2600 போன்ற 65 வாட்ஸ் ப்ராசஸர் 84 டிகிரி போக வேண்டியதே இல்லை. ஆறேழு வருடத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், கூலர் இடுக்கில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வையுங்கள், ஒரு ட்யூப் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, காரில் போகும்போது நிற்கிறது என்று சொன்னீர்களே, அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கின் வேலை. சைபர்பங்க் 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபோது குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று மாற்றிவிட்டார்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. கார் ஓடுகிற வேகத்துக்கு அடுத்த தெருவின் டேட்டாவை அதனால் எடுத்துக் கொடுக்க முடியாது. இப்போதைக்கு அந்த ஒரு கேமை மட்டும் உங்கள் 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகர்த்திப் பாருங்கள், 70 ஜிபி இடம் ஒழித்தால் போதும். பி450 போர்டு பெரும்பாலானவற்றில் ஒரு எம்.2 ஸ்லாட் இருக்கும், பிறகு அதில் என்விஎம்இ என்கிற வேகமான எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம்.

நாலாவதுதான் காசு கேட்கிற விஷயம், கார்டு. ஜிடிஎக்ஸ் 1650 வந்தது 2019 ஏப்ரலில், அப்போதே அது எண்ட்ரி லெவல் கார்டு. 4 ஜிபி மெமரி நிறைந்துவிட்டால் கார்டு மெயின் ரேமுக்கு ஓடி ஓடி எடுத்து வர வேண்டும், அங்கேதான் ஃப்ரேம் செத்துப்போகும். இண்டியானா ஜோன்ஸ் திறக்காததற்குக் காரணம் வேறு. 2024 டிசம்பரில் வந்த அந்த கேமுக்கு ரே ட்ரேசிங் (ஒளி போகிற பாதையைக் கணக்கிட்டு வரைவது) செய்கிற ஹார்டுவேர் கார்டிலேயே இருக்க வேண்டும், 1650-ல் அது இல்லவே இல்லை. 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அதே கதைதான். இனி வருகிற பெரிய கேம்களில் இது கூடிக்கொண்டேதான் போகும், செட்டிங் குறைத்துச் சமாளிக்கிற வழி இதற்குக் கிடையாது.

கடையில் சொன்ன "ஏஎம்4 முடிஞ்சு போச்சு" என்பதில் பாதிதான் சரி. அந்த சாக்கெட்டில் புதிய தலைமுறை வராது. ஆனால் உங்கள் பி450-ல் பயாஸ் அப்டேட் மட்டும் செய்தால் ரைசன் 5 5600 உட்காரும். 2022 ஏப்ரலில் வந்த ப்ராசஸர், அதே ஆறு கோர், அதே 65 வாட்ஸ், இப்போதுள்ள கூலரே போதும். ஆறு கோரும் ஒரே கூட்டமாக 32 எம்பி கேஷை, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே உள்ள வேகமான மெமரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வலரண்ட் மாதிரி ப்ராசஸரை நம்பி ஓடுகிற கேமுக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய வித்தியாசம் கொடுக்கும். மதர்போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

காசு செலவு செய்வதற்கு முன் ரேம், பேஸ்ட், எஸ்எஸ்டிக்கு நகர்த்துவது மூன்றையும் முடித்துவிட்டு மறுபடி எண்களைப் பாருங்கள்.

ஓஎம்ஆர்_ஆந்தை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ப்ராசஸருக்கு இப்போது பத்து பதினோராயிரம், கார்டுக்கு நாற்பது, எஸ்எம்பிஎஸ் ஐந்து என்று இதே பழைய போர்டில் கொட்டினால், மூன்று வருடம் கழித்து அடுத்த ப்ராசஸருக்கு வழியே இல்லை. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்கும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7600 வாங்கி பழைய 1650 கார்டையே போட்டு ஓட்டிக்கொண்டிருந்து, அடுத்த வருடம் கார்டு மாற்றினால், அதற்கடுத்து ப்ராசஸர் மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். 60 ஆயிரம் கையில் இருக்கும்போது அஸ்திவாரத்தில் போடுவதுதான் சரி என்பது என் கருத்து.

சிந்தாதிரிப்பேட்டை_வயர்:

ஆந்தை சொல்வது இரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். இப்போது குறுக்கே நிற்பது டிடிஆர்5. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப் கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி வீட்டு உபயோகத்துக்கான க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏஎம்5-க்குப் போனால் போர்டு, ப்ராசஸரோடு டிடிஆர்5-ம் இந்த விலையில் வாங்கியே ஆக வேண்டும், கையில் இருக்கிற 16 ஜிபி டிடிஆர்4 அங்கே எதற்கும் ஆகாது. அவர் இடத்தில் இருந்து பாருங்கள். அறுபதாயிரத்தைப் போர்டுக்கும் ரேமுக்கும் கொடுத்துவிட்டு அதே 4 ஜிபி கார்டில் சைபர்பங்க் விளையாடினால் 35 ஃப்ரேம்தான் வரும், இண்டியானா ஜோன்ஸ் அப்போதும் திறக்காது. புதிதாக ஒன்றுமே இல்லாமல் ஆரம்பிப்பவருக்கு ஏஎம்5 சரி. நல்ல ஏஎம்4 போர்டும் ரேமும் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. வாங்குகிற கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நாளைக்கு ஏஎம்5 போனாலும் கூடவே வரும், அவரிடமிருந்து வீணாகப்போவது ப்ராசஸர் விலை மட்டும்தான். அதையும் விற்கலாம்.

ஓஎம்ஆர்_ஆந்தை:

கார்டு கூடவே வரும் என்பது நியாயமான பேச்சு. ரேம் விலையை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி. எந்தக் கார்டு என்று யோசிக்கிறீர்கள்? 8 ஜிபி கார்டை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_வயர்:

அதைத்தான் எழுத வந்தேன். பி450 போர்டுக்குக் கார்டு தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. இந்தப் போர்டில் கார்டு மாட்டுகிற பிசிஐஇ ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 எல்லாம் 16 பாதை உள்ள ஸ்லாட்டில் 8 பாதையை மட்டுமே உபயோகிக்கும் கார்டுகள். புது போர்டில் அது தெரியாது, பாதை ஒவ்வொன்றும் வேகமாக இருக்கும். பி450-ல் பாதையும் பாதி, வேகமும் குறைவு. அதோடு மெமரியும் 8 ஜிபிதான் என்பதால், அது நிறைந்து மெயின் ரேமுக்குப் போக வேண்டி வரும்போதெல்லாம் இந்த ஒடுங்கிய வழியாகத்தான் போய் வர வேண்டும். யூட்யூபில் புது போர்டில் சோதித்த எண்ணைப் பார்த்து வாங்கினால் வீட்டில் அந்த எண் வராது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது, 16 பாதையும் உபயோகிக்கும், 160 வாட்ஸ். இதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள், பில் போடும்போது கவனம். அந்த விலை எட்டாவிட்டால் வாரண்டி மீதமுள்ள ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி செகண்ட் ஹேண்டில் பாருங்கள், அதுவும் 16 பாதை கார்டுதான். இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, 12 ஜிபி, ஆனால் பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் ரொம்பத் தடுமாறும், ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டு மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடுகிற வசதி) இல்லாமல் அதை வாங்கவே கூடாது. 5600 போடும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்தக் கார்டு வாங்கினாலும் கேபினெட் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மாட்டாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12V என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18ஏ என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள், 216 வாட்ஸ். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான், பெட்டி மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 216தான். 1650-க்குத் தனி பவர் கனெக்டரே வேண்டாத அளவுக்கு 75 வாட்ஸ் போதும், அதனால் இத்தனை வருடம் ஓடிவிட்டது. 160 வாட்ஸ் கார்டில் அது ஓடாது, போகும்போது போர்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிற சாமான் அது. பெயர் தெரிந்த கம்பெனியில் 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (மின்திறன் சான்று) உள்ளதாக வாங்குங்கள், ஐந்து வருட வாரண்டி உள்ளதாகப் பார்த்து.

திருவான்மியூர்_அலை:

மேல்மாடி, ஏசி இல்லை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. பார்ட்ஸ் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், சென்னையில் அது உயிரோடு இருப்பதற்கு வேண்டியதை நான் சொல்கிறேன்.

கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை சாயங்காலம் வரைக்கும் 36, 37 டிகிரியிலேயே இருக்கும். கேபினெட்டுக்குள் போகிற காற்றே அந்தச் சூட்டில்தான் போகிறது, எவ்வளவு விலை கொடுத்துக் கூலர் வாங்கினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது. உங்கள் கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியோ ப்ளாஸ்டிக்கோ மூடியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எத்தனை டிகிரி குறைகிறது என்று அப்போதே தெரியும். நிறையக் குறைந்தால் முன்பக்கம் வலை உள்ள கேபினெட் ஒன்று வாங்குவது நியாயமான செலவு. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் போதும், வண்ண விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எங்கள் ஏரியா மாதிரி கடல் காற்று அடிக்கிற இடத்தில் ஸ்க்ரூ, போர்டின் பின்பக்க இணைப்புகள் எல்லாம் சீக்கிரம் துரு ஏறும். பெரம்பூரில் அவ்வளவு இருக்காது, தூசிதான் அங்கே எதிரி. பருவமழை நேரத்தில் மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் போட்டு வைப்பதும் நல்லதில்லை.

அப்புறம் எர்த்திங். கம்ப்யூட்டர் ஓடும்போது வெறுங்காலோடு நின்று கேபினெட் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் ப்ளக் பாயிண்டில் எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பாயிண்ட் இருக்கும், உள்ளே எர்த் வயர் இணைத்தே இருக்காது. இணைத்திருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டும். நாற்பதாயிரம் கார்டு மாட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறதா? பழைய 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் கொடுக்கும். புதுக் கார்டோடு கேம் ஓடும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதன் கிட்டே வந்துவிடும், கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டு எல்லாம் அணையும். 1000 விஏ பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் வகைதானா என்று பார்த்து, பின்னால் உள்ள ஸ்விட்ச்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள், மற்ற மோடில் மாறுகிற நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கரண்ட் பில்லையும் ஒரு முறை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 300 வாட்ஸில் தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். அது மட்டும் பெரிதில்லை, ஆனால் நம் பில்லில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடுகிற அட்டவணையே மாறிவிடும். வீட்டில் ஏற்கெனவே 470, 480 வருகிறது என்றால் அப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பெரம்பூர்_ப்ளேயர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

பயாஸில் போய் ரேமை 2933 வைத்தேன், எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஆன் ஆகிவிட்டது. பேஸ்ட் மாற்றி ஊதிச் சுத்தம் செய்ததில் ப்ராசஸர் 70-ஐத் தாண்டவில்லை. வலரண்டில் சண்டை நேரத்தில் இப்போது 105, 110 நிற்கிறது, தங்கச்சி அதுவே போதும் என்கிறாள். சைபர்பங்கை எஸ்எஸ்டிக்கு நகர்த்தியதும் காரில் போகும்போது நிற்பது போய்விட்டது, ஃப்ரேம் மட்டும் அதே 40தான். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பார்த்தேன், +12V-க்குக் கீழே 16ஏ என்று இருக்கிறது!

எர்த் அளந்தாகிவிட்டது, ப்ளக் பாயிண்டில் வயரே இணைக்கவில்லை, எலக்ட்ரீஷியன் சரி செய்து கொடுத்தார்.

முடிவு செய்தது இதுதான். இப்போது 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 500 ஜிபி என்விஎம்இ. ப்ராசஸர் மூன்று நாலு மாதம் கழித்து. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன், அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? விண்டோஸை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள், லினக்ஸ் போடலாம் என்று நண்பன் சொல்கிறான்.

தாம்பரம்_78:

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் போய்விடுங்கள், ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போய் நரசிங்கபுரம் தெருவில் திண்டாடாமல் எல்ஐசி மெட்ரோவில் இறங்கி நடங்கள். முதலில் கேட்ட விலையில் வாங்காதீர்கள், ஆன்லைன் விலையை ஃபோனில் வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குங்கள். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும், ஆனால் கார்டு போய்விட்டால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள், பெட்டியில் உள்ளதும் கார்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள், இந்தியா வாரண்டிதானா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் கேபினெட்டுக்குள் கார்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் இடம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள், மூன்று ஃபேன் கார்டு சின்ன கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டில் போய் இடிக்கும்.

விலை அதிகமாகத் தெரிந்து செகண்ட் ஹேண்ட் பக்கம் மனம் போனால், பேர் தெரியாத பிராண்டில் வருகிற ஆர்எக்ஸ் 580 கார்டுகளை எடுக்காதீர்கள். 2048எஸ்பி என்று சின்ன எழுத்தில் இருக்கும், உள்ளே உள்ளது 570 அளவுதான். பழைய என்விடியா கார்டுக்குப் பயாஸ் மாற்றிப் பெரிய மாடலாக விற்பதும் உண்டு, ஜிபியு-ஸி சாஃப்ட்வேர் ஓட்டிப் பார்த்தால் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

லினக்ஸ் பற்றி. சைபர்பங்க், எல்டன் ரிங் இரண்டும் ஸ்டீமின் ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுகிற சாஃப்ட்வேர்) வழியாக லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன, ஏஎம்டி கார்டுக்கு ட்ரைவர் கூடத் தனியாகப் போட வேண்டாம். வலரண்ட் லினக்ஸில் ஓடாது, அதன் ஆண்ட்டி சீட் (ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கிற சாஃப்ட்வேர்) விடாது. தங்கச்சி இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். உங்கள் 2600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது, பயாஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் செய்தால் போதும். விண்டோஸ் 11-ல் வலரண்ட் இந்த இரண்டும் இல்லாமல் திறக்காது. டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் செக்யூர் பூட்டுக்கு முன் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும், விண்டோஸிலேயே அதற்கு டூல் இருக்கிறது. தங்கச்சியின் காலேஜ் ஃபைல்களை முதலில் வேறொரு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை_வயர்:

கார்டு மாட்டும் முன் பழைய என்விடியா ட்ரைவரை சேஃப் மோடில் டிடியு என்கிற ட்ரைவர் நீக்கும் சாஃப்ட்வேர் போட்டு முழுக்க நீக்கிவிட்டு, பிறகு ஏஎம்டி ட்ரைவர் போடுங்கள். புது எஸ்எம்பிஎஸ் மாட்டும்போது பழையதன் கேபிள் எதையும் மறுபடி உபயோகிக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி பின் அமைப்பு மாறும்.

5600-க்குப் போகிற நாளுக்காக இப்போதே எழுதி வைக்கிறேன். பயாஸ் அப்டேட்டைப் பழைய 2600 மாட்டியிருக்கும்போதே செய்ய வேண்டும், ப்ராசஸரை மாற்றிவிட்டு அல்ல. போர்டு கம்பெனியின் பக்கத்தில் எந்தப் பதிப்பிலிருந்து 5600 ஓடும், நடுவில் வேறு பதிப்பு போட வேண்டுமா என்று படித்துவிட்டுப் போடுங்கள், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து, யூபிஎஸ்ஸில் மாட்டி. புதுப் பயாஸில் இன்னொரு நன்மையும் உண்டு. எஃப்டிபிஎம் ஆன் செய்தால் அவ்வப்போது திக்குகிற குறை ஒன்று இருந்தது, அது 2022-ல் வந்த பயாஸ்களில் சரியாகிவிட்டது. கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்கி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை நேராக இழுக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4-ல் நேராக இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும், பின் வளைந்தால் அதை விற்கவும் முடியாது. புது ப்ராசஸரோடு ஆன் செய்ததும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யலாமா என்று ஒய் (Y) அல்லது என் (N) அழுத்தச் சொல்லிக் கேட்கும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டுகிற விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று அதற்கு முன்னாலேயே பார்த்து, ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஒய் அழுத்திய பிறகு டிஸ்க் திறக்காது.